கோயில் மேட்டுச் சுவர்

போன மாதம் ஈப்போவில் மகள் வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கண் அசரப் போகும் நேரத்தில் போன் வந்தது. நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்திலிருந்து பேசினார்கள். கட்டட வேலைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் பொறுப்பாளர், பெயர் பிரகாஷ். குரலில் நல்ல மரியாதை.

"ஐயா, கோயில் மேட்டுல இருக்கிற கல்லுச் செவுரு நீங்க நின்னு கட்டினதுன்னு சொன்னாங்க. அது மேல கான்கிரீட் அடிக்கலாமான்னு ஆபீஸ்ல பேசுறாங்க. செவுத்துல எதுக்கு ஐயா மஞ்சள் பூசியிருக்கு? அந்தக் குழாய் ஓட்டையெல்லாம் அடைச்சிரலாமா?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். ஆனால் அதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. "எழுதி அனுப்புறேன் தம்பி, அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றேன். அப்படி எழுதியதுதான் இது. தம்பி, கொத்துக் கரண்டி பிடித்த கை என்னுடையது. பேனாவைப் பிடித்தால் வரி கோணிக்கொண்டு போகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் புதியவர் என்பதால் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். ரிங்லெட்டிலிருந்து ஏறி வரும் பாதை தொழிற்சாலையைத் தாண்டியதும் வரும் சமதளம்தான் கோயில் மேடு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் மலையை வெட்டி ஒதுக்கிக் கொடுத்தது. மேல் மூலையில் மாரியம்மன் கோயில். எதிரே பலகையால் கட்டிய மாதா கோயில். கீழ் மூலையில், தொழிற்சாலை மலாய்க்காரர்களும் லோரி ஓட்டிகளும் தொழுகிற சூராவ். நடுவில் தமிழ்ப்பள்ளி. அதை ஒட்டி, கல்யாணமும் கருமாதியும் சினிமாவும் நடக்கிற தகரக் கொட்டகை. எல்லாவற்றுக்கும் சேர்த்து முற்றத்தில் ஒரே தண்ணீர்க் குழாய். சாமி கும்பிட வந்தவனும் தொழ வந்தவரும் அங்கேதான் கால் கழுவ வேண்டும். சிலேட்டுக் கழுவ வந்த பிள்ளைகளின் வரிசையில் பெரியவர்களும் நிற்க வேண்டும்.

காலையில் பனி இறங்கியிருந்தால் ஒரு கட்டடத்திலிருந்து மற்றது தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். கோயில் மணி, மாதா கோயிலில் யாரோ பெஞ்சை இழுக்கும் சத்தம், பிள்ளைகள் சொல்லும் வாய்ப்பாடு. இங்கே ஜன்னலைத் திறந்தால் கார் சத்தம்தான். மகள் என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறாள், குறை சொன்னால் வாய் வெந்துவிடும். ஆனாலும் விடியற்காலையில் விழித்தால் முதலில் அந்த மேட்டைத்தான் மனசு தேடுகிறது. இத்தனை வருஷமாகியும் அந்த ஏக்கம் போகவில்லை.

மீசை முளைத்த வயதில் கொத்தனார்க் கூட்டத்தில் சேர்ந்தேன். மண் குழைத்தேன், கல் சுமந்தேன், திட்டு வாங்கினேன், பிறகு கரண்டி பிடித்தேன். அந்தக் கதை எல்லாக் கொத்தனாருக்கும் ஒன்றுதான். எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் சூசை கண்டக்டர்.

தோட்டத்தில் மேற்பார்வையாளரைக் கண்டக்டர் என்போம். கட்டட வேலைக்கெல்லாம் அவர்தான் மேலாள். ஒல்லியான உயரம், காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை காலுறை, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் தோல் சப்பாத்து, கையில் ஒரு குடை. மற்றக் கண்டக்டர்மார் வாயைத் திறந்தால் அடுத்த மலைக்குக் கேட்கும். இவர் கத்தி நான் கேட்டதே இல்லை. வேலை சரியில்லை என்றால் குடை நுனியால் அந்த இடத்தைத் தொட்டு, "இன்னொரு தடவ பாரு ராசா" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குக் கட்டியதைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவோம். பயந்த மாதிரியும் இருக்கும், பாசமாகவும் இருக்கும்.

அவரிடம் இரண்டு பிடிவாதம் உண்டு. ஒன்று, கல்லைக் கழுவாமல் வைக்கக் கூடாது. "அழுக்குக் கல்லுல சிமெண்டு பிடிக்காது ராசா. பொறந்த பிள்ளையக் கழுவுற மாதிரி கழுவு" என்பார். ஆற்றுக் கல்லைத் தொட்டியில் ஊறப்போட்டுக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்த பிறகுதான் சாந்து பக்கம் கொண்டுபோகலாம்.

இன்னொன்று, சுவருக்குக் கண் வைப்பது. மலைக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் தடுப்புச் சுவரின் முதுகில் வந்து தேங்கும். வெளியே போக வழி இல்லாவிட்டால் சுவரையே தள்ளிவிடும். அதற்காகப் பழைய தண்ணீர்க் குழாயை வெட்டி, வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து, சுவரில் ஆங்காங்கே பதிப்போம். அதைத்தான் கண் என்பார். உள்வாயில் ஜல்லியும் கறுப்புப் பனைநாரும் அடைத்தால் தண்ணீர் மட்டும் வரும், மண் வராது. மழை விட்டதும் சூசை ஐயா ஒரு கண்ணாடிக் கிளாஸைக் கண்ணுக்குக் கீழே பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் தெளிவாக இருந்தால் சுவர் நன்றாக இருக்கிறது. கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது, சுவர் அதிக நாள் நிற்காது. ரசமட்டம், தூக்குக் குண்டோடு அந்தக் கிளாஸும் எங்கள் சாமான் பெட்டியில் இருக்கும்.

இனி அந்தக் கற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், சரிவின் அடியில், ஒரு வரிசைக் கற்கள் இருந்தன. எல்லாம் தோட்டத்து ஆற்றுக் கற்கள்தாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த பாட்டன்மார் தங்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துத் துணியில் முடிந்து கொண்டுவந்தார்கள். இங்கே குழி தோண்டி அந்தப் பிடிமண்ணைப் போட்டு, மேலே ஒரு கல்லை நட்டார்கள். கறுப்பு, முனியாண்டி, பச்சையம்மா என்று குடும்பத்துக்கு ஒரு கல். பெயர் எழுதும் வழக்கம் இல்லை. மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தவர்களுக்குத் தங்கள் கல் எதுவென்று தெரியும், அது போதும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வரிசைக்கு ஆள் குறைந்தது. குடியுரிமை இல்லாதவர்களிடம் சிவப்பு அடையாள அட்டைதான் இருந்தது. வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்ததும் பல குடும்பங்கள் கப்பலேறின. இங்கேயே பிறந்தவர்கள், பார்த்திராத ஊருக்குத் திரும்பிப் போனார்கள். போகும்போது கல்லுக்கு அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு, கல்லை இங்கே இருக்கிறவர்களிடம் ஒப்படைத்தார்கள். சாமிக்கு விளக்கு நிற்கக் கூடாது என்பது கணக்கு.

அப்படிப் போன குடும்பங்களில் காமாட்சி குடும்பம் ஒன்று. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு. கொழுந்து பறிப்பவள். எனக்கு முறைப்பெண். தீபாவளி கழித்துப் பரிசம் போடுவதாகப் பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். அதற்குள் அவள் அப்பா புறப்பட்டுவிட்டார். தாய் இல்லாத வீடு, தம்பி தங்கைகள் பொடிசுகள். அவள் போகாமல் முடியாது. எனக்கு இங்கே நடக்க முடியாத அப்பா. நானும் போக முடியாது. இதில் யாரைக் குற்றம் சொல்வது?

லோரி புறப்படும் முன் என்னைக் கல் வரிசைக்குக் கூட்டிப்போனாள். அவர்கள் கறுப்பு சாமிக்குப் பொட்டு வைத்துவிட்டு, எண்ணெய் போத்தலை என் கையில் கொடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை மறந்துறாதீங்க மாமா. வெளக்கு நிக்கக் கூடாது. நான் வந்துருவேன்லா."

"வருவியா?"

"சாமியவே உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். வராம?"

சில வருஷம் காத்திருந்தேன். ரிங்லெட்டில் இருந்த அவள் சித்தப்பா மூலம் அவளுக்கு அங்கே கல்யாணமான செய்தி வந்தது. பிறகு நானும் சரஸ்வதியைக் கட்டிக்கொண்டேன். அவளிடம் எதையும் மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே, "இந்தாங்க, உங்க ஆள் வெளக்குக்கு எண்ணெய்" என்று சிரித்துக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். அப்படி ஒரு மனுஷி கிடைத்தாள் எனக்கு.

எழுபதுகளின் பின்பாதியில் ஒரு அக்டோபர் மழை. நாள் கணக்கில் விடாமல் பெய்ததில் கோயிலுக்குப் பின்னாலிருந்த சரிவு இறங்கிவிட்டது. கல் வரிசை சேற்றோடு போய்விட்டது. சேறு பள்ளிக்கூடத்துச் சுவர்வரை வந்து நின்றது. அதே மழையில் மேலே ஓடையிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் வரும் குழாயும் அடித்துப்போனது. என்னையும் என் ஆட்களையும் குழாய் வேலைக்கு மேலே அனுப்பிவிட்டார்கள். காட்டிலேயே கொட்டகை போட்டுத் தங்கினோம். சரிவுக்கு உடனே தடுப்புச் சுவர் கட்டக் கீழே டவுனிலிருந்து குத்தகை ஆட்கள் வந்தார்கள். சூசை ஐயா இரண்டு இடத்துக்கும் குடையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

கோயில் பின்பக்கம் ஆபத்து என்று கயிறு கட்டித் தோட்டத்து ஆட்கள் யாரையும் விடவில்லை. சேறு அள்ளி முடித்ததும் சாமிக் கற்களை எடுத்து வைக்கலாம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

குழாய் வேலை முடிந்து நான் இறங்கி வந்தபோது சுவர் மார்பளவு எழுந்திருந்தது. அந்தத் தைரியத்தில் பள்ளியை மறுபடி திறந்திருந்தார்கள். சேறு இல்லை, கற்களும் இல்லை. குத்தகை ஆள் ஒருவனிடம் கேட்டேன்.

"இங்க கெடந்த கல்லெல்லாம் எங்க தம்பி?"

"எல்லாத்தையும் சேத்துலேருந்து பொறுக்கிக் கழுவி வச்சுக் கட்டியாச்சு அண்ணே. உங்க கண்டக்டர் கழுவாம வைக்க விடலியே. நல்லாத்தான் கழுவினோம்."

அவன் மேல் தப்பில்லை. சேற்றில் கிடந்தபோதே பாதி மஞ்சள் போயிருக்கும், மீதியைப் பிரஷ் எடுத்துவிட்டது. கழுவிய பிறகு எல்லாம் வெறும் ஆற்றுக் கல். எங்கள் தோட்டத்துக் குலசாமிகள் மொத்தமும் சுவருக்குள் இருந்தன. எது யாருடையது என்று நட்டவன் வந்தாலும் சொல்ல முடியாது.

விஷயம் காற்றாகப் பரவியது. கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் கூடையோடு அப்படியே மேட்டுக்கு வந்துவிட்டார்கள். "செவுத்த ஒடைங்க, எங்க சாமிய எடுத்துக் குடுங்க" என்று ஒரே சத்தம். அத்தனை பேரிலும் அதிகம் கத்தியது நான்தான். மற்றவர்களுக்கு அவரவர் சாமி. எனக்கு, திரும்பி வருவேன் என்றவள் விட்டுப்போன ஒரே பொருள். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு சுவரிடம் போனேன். சூசை ஐயா குறுக்கே நின்றார்.

"ஒங்க மாதா சிலைய வச்சு இப்படிக் கட்டுவீங்களா ஐயா?" என்று கேட்டேன். அவரிடம் அப்படி ஒரு வார்த்தையை நான் பேசியதே இல்லை.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. விலகி வழிவிட்டார்.

"ஒடைக்கணும்னா ஒடை ராசா. நான் புடிக்க மாட்டேன்." பிறகு குடையைத் தூக்கி மேலே காட்டினார். "ஒடைக்கிறதுக்கு முன்னால இன்னொரு தடவ பாரு."

பார்த்தேன். இறங்கிய சரிவுக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில், மண் நீளமாக வெடித்து வாய் திறந்து கிடந்தது. இன்னொரு மழைக்கு அது இறங்கும். கொத்தனாருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதுகுக்குப் பின்னால் பள்ளியில் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் வேண்டுமென்றே சத்தமாகச் சொல்ல வைத்தாரோ என்னவோ, வெளியே நடந்த கூச்சல் அதில் அமுங்கிப்போனது. மேற்கு மேகம் வேறு கறுத்து வந்தது.

கடப்பாரையைக் கீழே போட்டேன். எல்லோருக்கும் முன்னால் அழுதேன். வெட்கமாக இல்லை.

முனியம்மா என்று ஒரு பெண், கொழுந்துக் கூட்டத்துக்குக் கங்காணி மாதிரி. அவளுடைய பச்சையம்மா கல்லும் உள்ளேதான் இருந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எது எங்க சாமின்னு தெரியாட்டி என்ன இப்ப? எல்லாம் சேந்து நம்ம பிள்ளைங்களுக்கு முதுகு குடுத்துக்கிட்டு நிக்குதுங்க. நின்னுட்டுப் போவட்டும்லா. யாராச்சும் போயி மஞ்சத்தூள் எடுத்தாங்கடி!"

சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவன் காறித் துப்பிவிட்டுப் போனான். ஆனால் யாரும் சுவரைத் தொடவில்லை.

அப்போது சூசை ஐயா செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து, அந்தப் பளபளக்கும் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். காலுறையையும் கழற்றிச் சப்பாத்துக்குள் திணித்து ஓரமாக வைத்தார். வெறுங்காலோடு சேற்றில் நடந்துவந்து சாந்துச் சட்டியை எடுத்தார்.

"இனிமே இந்தச் செவுத்துகிட்ட யாரும் சப்பாத்தோட வரக் கூடாது" என்றார். குத்தகை ஆட்களும் கழற்றினார்கள். கல் ஏற்றி வந்த லோரி ஓட்டி பாக் மான், சூராவுக்கு வெளியே விடுவதைப்போல் செருப்பை விட்டுவிட்டு வந்து இறக்கிக் கொடுத்தார். நானும் கரண்டி எடுத்தேன், மீதிச் சுவர் அப்படித்தான் எழுந்தது. கண்களுக்கு நார் அடைக்கிற வேலையை ஐயா யாரிடமும் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, "கழுவச் சொன்னது நான்தானே ராசா" என்று மட்டும் சொன்னார்.

முழுச் சுவருக்கும் மஞ்சள் பூசினார்கள். நடுவில் பொட்டு வைத்தார்கள். வெள்ளிக்கிழமை விளக்கை நான் சுவரின் அடியில் வைத்தேன். எண்பதுகளில் எத்தனையோ மழை வந்தது, சரிவு இறங்கவில்லை. சூசை ஐயா பென்ஷன் வாங்கிப் போகும்போது அந்தக் கண்ணாடிக் கிளாஸை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு, எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், மழை விட்ட சாயங்காலம், கிளாஸோடு சுவரைப் பார்க்கப் போயிருந்தேன். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வந்த காமாட்சி கோயில் மேட்டுக்கு ஏறி வந்தாள், கூடவே சித்தி. முன் தலையில் நரை. இந்தக் குளிரில் பிறந்து வளர்ந்தவள் பல் கிட்ட நடுங்கிக்கொண்டு வந்தாள். இரவல் சுவெட்டர் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள். மாமா என்று கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாதுதான். ஆனாலும் எனக்கு வலித்தது.

கையில் ஒரு மஞ்சள் துணி மடித்து வைத்திருந்தாள். வந்த காரியத்தைச் சொன்னாள். அன்றைக்கு எடுத்துப்போன பிடிமண்ணை, நாகப்பட்டினத்தில் இறங்கும்போது அதிகாரிகள் கொட்டச் சொல்லிவிட்டார்களாம். சேலம் பக்கத்துச் சொந்த ஊரில், பழைய குலசாமி கோயிலில் பங்காளிகள் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மலாயாக்காரனுக்கு இங்கே பங்கில்லை என்றார்களாம்.

"அப்பா கடைசிவரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு. அங்கயும் சாமி இல்ல, இங்கயும் இல்லன்னு. தம்பி பிள்ளைங்களுக்கு மொட்டை போட ஒரு எடம் வேணும். எங்க கல்லுக்கு அடியில ஒரு பிடி எடுத்துக்கிட்டுப் போறேன். எங்க நம்ம கல்லு?"

சுவரைக் காட்டினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் சுவரைப் பார்த்தே சொன்னேன்.

"இதுல எந்தக் கல்லு?"

"தெரியாது காமாட்சி."

"உங்க கையிலதானே குடுத்துட்டுப் போனேன்" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவருக்கு முன்னால் ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். சித்தி, "அடியில எங்கயாச்சும் ஒரு பிடி தோண்டிக்கலாம்டி" என்றாள். எங்கேயாவது தோண்டிய மண் பிடிமண் ஆகாது என்று மூன்று பேருக்கும் தெரியும். கல் நின்ற இடம் அஸ்திவாரத்துக்கு அடியில் போய்விட்டது.

என் கை தன் பழக்கத்துக்குக் கிளாஸை எடுத்து ஒரு கண்ணுக்குக் கீழே பிடித்தது. நிறைந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். துளி கலங்கல் இல்லை.

"அது என்ன தண்ணி?" என்று கேட்டாள்.

"மழைத் தண்ணி. மலையிலேருந்து இறங்கி செவுத்துக்குப் பின்னால வருது."

"கல்லுல பட்டு வருதா?"

"எல்லாக் கல்லுலயும் பட்டுத்தான் வருது."

அவள் எழுந்தாள். என் கையிலிருந்த கிளாஸை வாங்கித் தண்ணீரை உற்றுப் பார்த்தாள். சித்தியின் பையில் குடிக்கத் தண்ணீர் வைத்திருந்த ஹார்லிக்ஸ் போத்தலை எடுத்துக் காலி செய்தாள். குழாய் வாயில் பிடித்து நிரப்பி, மஞ்சள் துணியை அதன் கழுத்தில் கட்டினாள்.

"மண்ணுதான கொட்டச் சொன்னாங்க. தண்ணிய ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அங்க குழி தோண்டி இத ஊத்திக்கிறோம். எங்க சாமி மட்டுமில்ல, போனவங்க எல்லாரோட சாமியும் வந்துரும்."

படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். "போயிட்டு வரேன்லா, மாமா" என்றாள். அத்தனை வருஷம் அங்கே இருந்தும் நம் மலாயாப் பேச்சின் அந்த 'லா' அவள் வாயில் அப்படியே இருந்தது.

தண்ணீர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாகப் பிறகு சித்தி சொன்னாள். வயல் ஓரத்தில் குழி தோண்டி ஊற்றி, மேலே கல் நட்டிருக்கிறார்களாம். ஊர்க்காரர்கள் அதை மலாயாக் கறுப்பு என்று கூப்பிடுகிறார்களாம்.

தம்பி பிரகாஷ், மஞ்சள் எதற்கு என்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். கான்கிரீட் அடித்தே ஆக வேண்டும் என்றால் அடியுங்கள். மலை பொல்லாதது, பள்ளி கீழே இருக்கிறது, நான் குறுக்கே நிற்கவில்லை. வேலை செய்கிறவர்களைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்லுங்கள். கண்களை மட்டும் அடைக்காதீர்கள். அடைத்தால் சுவர் நிற்காது, இது கொத்தனார் சொல்வது. காமாட்சிக்கும் இப்போது என்னைப்போல வயதாகியிருக்கும். இனி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் போயிட்டு வரேன் என்றுதானே சொல்லிவிட்டுப் போனாள். வந்து நின்றால் குழாயில் தண்ணீர் வர வேண்டும்.